சண்டிலிப்பாய்ப் பந்தலில் 41 பேர்

யாழ்ப்பாணத் திருச்சபையின் கதை – 14

1824 ஜனவரி மாதத்து மூன்றாம் ஞாயிறு. தெல்லிப்பழை மிஷன் வளவில் காலை ஆராதனை நடந்துகொண்டிருந்தது. அந்த நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஹென்றி உட்வேட். அமெரிக்காவிலிருந்து வந்து நான்கு வருடமும் சரியாக நிரம்பாதவர். விடுதிப் பையன்கள் சிலருடைய முகம் அன்று வேறு மாதிரி இருப்பதை அவர் கவனித்தார். பிறகு அவர்களைக் கூப்பிட்டுப் பேசியபோது அழுகைதான் முதலில் வந்தது. செய்த பாவத்துக்கு என்ன வழி, கடவுள் முன் நிற்கும் நாளில் என்ன சொல்வது என்ற கலக்கம் அவர்களைப் பிடித்திருந்தது. தனியே சமாளிக்க முடியாது என்று கண்ட உட்வேட், உடுவிலில் இருந்த மைரன் வின்சுலோவுக்கு ஆள் அனுப்பினார்.

அடுத்த சில வாரங்களில் இந்தக் கலக்கம் ஊர் ஊராகப் பரவியது. உடுவிலிலும் வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் இதே அழுகை, இதே கேள்வி. பண்டத்தரிப்பில் டொக்டர் ஜோன் ஸ்கடர் இருந்தார்; நியூயோர்க்கில் நன்றாக நடந்த வைத்தியத் தொழிலை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு வந்தவர். ஒருநாள் இரவு கூட்டம் கலைந்த பின்பும் அவருடைய பையன்கள் படுக்கப் போகவில்லை. தோட்டத்துக்குள் இறங்கி, ஆளுக்கொரு மரத்தடியாகப் பிரிந்து, முழங்காலில் நின்று வாய்விட்டு ஜெபித்தார்கள். இருட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சிறுவனின் குரல். முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். ஒருவன் கேட்க மற்றவன் பேசவில்லை; ஒவ்வொருவனும் தான் மட்டும் அங்கே நிற்பதுபோல் நின்றான்.

நியாயத்தீர்ப்பைப் பற்றிக் கேட்பது என்றால் என்ன என்பதை எந்த வேதசாஸ்திர நூலைவிடவும் அந்தத் தோட்டம் எனக்குத் தெளிவாகச் சொல்கிறது. கூட்டத்தோடு போய் நிற்க முடியாத இடம் அது. அப்பனின் சாதியும் காணியும் அங்கே கூட வராது. பத்துப் பன்னிரண்டு வயதில் அதை உணர்ந்த பிள்ளைகளின் பயத்தை வெறும் பிள்ளைப் பயம் என்று தள்ளிவிட நான் ஆயத்தமாக இல்லை.

ஆனால் அந்தப் பயம் ஏன் அந்த வருடத்தில், அந்த ஊர்களில் வந்தது என்று கேட்டே ஆகவேண்டும்.

இந்த அமெரிக்கர்கள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1815 ஒக்டோபரில் நியூபரிபோட் துறைமுகத்திலிருந்து 'டிரையட்' என்ற பாய்க்கப்பல் புறப்பட்டது. 1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கியவர்களை ஆளுநர் பிறவுண்றிக் யாழ்ப்பாணம் போக அனுமதித்தார். டானியேல் பூவரும் எட்வேட் உவாரனும் தெல்லிப்பழையில் குடியேறினார்கள். பெஞ்சமின் மெயிக்சும் ஜேம்ஸ் றிச்சாட்சும் வட்டுக்கோட்டைக்குப் போனார்கள். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் திருத்தி, பின் கூரையில்லாமல் கிடந்த பழைய கோயில்கள்தான் அவர்களுக்குக் கிடைத்த இடங்கள்.

வந்த சில வருடத்துக்குள் சாவு அவர்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. காசநோய் பிடித்த உவாரன் சுகம் தேடிப் போன இடத்தில், நன்னம்பிக்கை முனையில், 1818இல் இறந்தார். அதே ஆண்டின் முடிவில் யாழ்ப்பாணத்துக்குக் கோதாரி (வாந்திபேதி) வந்தது. காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவனைப் பொழுதுபடச் சுடலைக்குக் கொண்டுபோன நோய் அது. 1821 மே மாதத்தில் பூவரின் மனைவி சூசன் தெல்லிப்பழையில் இறந்தார். அடுத்த வருடம் ஓகஸ்டில் றிச்சாட்ஸ். அவர் மாதக்கணக்காகக் கட்டிலில் கிடந்துதான் போனார். விடுதிப் பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். துரைமார் சாகும்போது எப்படிச் சாகிறார்கள் என்று பார்க்க ஊருக்கும் ஆவல் இருந்தது. போதாததற்கு, 1820 முதல் புதிய அமெரிக்கர் எவரும் வந்து சேரக் கூடாது என்று ஆளுநர் பாண்ஸ் தடுத்துவிட்டார். அச்சுவேலை தெரிந்த காரட் என்பவர் வந்திறங்கியும் திருப்பி அனுப்பப்பட்டார். ஆகவே 1824இல் அந்த ஐந்து நிலையங்களில் இருந்தவர்கள், தங்களுக்குப் பின் வர ஆளில்லை என்ற நினைப்போடு பிரசங்கித்தவர்கள். அவர்கள் நாளையைப் பற்றிப் பேசும்போது குரலில் அவசரம் இருந்திருக்கும். கேட்ட பிள்ளைகளுக்கும் அது உறைத்திருக்கும்.

கணக்குக் கேட்கப்படும் என்ற எண்ணம் யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. சித்திரைப் பூரணை நாளில் கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படிப்பார்கள். ஊர் கூடி இருந்து கேட்டு, கஞ்சி குடித்து வீடு திரும்பும். யமனுடைய கணக்கப்பிள்ளை நல்வினை தீவினை இரண்டையும் ஒன்றுவிடாமல் எழுதுகிறான் என்பதை எழுத்தறியாத கிழவியும் அறிவாள். எனவே கணக்கு உண்டு என்று மிஷனரிமார் சொன்னபோது ஊர் திடுக்கிடவில்லை. திடுக்கிட்டது வேறு இரண்டு விஷயங்களில். ஒன்று, மறுபிறவி இல்லை. இந்த ஒரு பிறவியோடு கணக்கு முடிகிறது. இந்தப் பிறவியில் விட்டதை அடுத்ததில் பிடிக்கலாம் என்ற ஆறுதல் அங்கே இல்லை. மற்றது இன்னும் விசித்திரமாகப் பட்டது. தீர்ப்புச் சொல்ல வருகிறவர், குற்றவாளிக்காகத் தாமே தண்டனை பட்டவர். நன்மையை நிறையச் சேர்த்துத் தீமையைச் சரிக்கட்டி அவரிடம் தப்ப முடியாது, அவருடைய இரக்கத்தால்தான் தப்பலாம் என்றார்கள்.

இங்கே சைவப் பெரியவர்கள் ஒரு நியாயமான கேள்வியை வைத்தார்கள். இரக்கத்தால் தப்பலாம் என்றால், பிறகு ஒழுங்காக வாழ்வது எதற்கு? பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தைத்தான் மிஷனரிமார் விடையாகக் கொண்டார்கள். அதில் இரண்டு வசனங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. உயிரோடிருந்தாலும் உடலைவிட்டுப் போனாலும் கர்த்தருக்குப் பிரியமாக இருப்பதையே நாடுகிறோம் என்பது ஒன்றின் கருத்து. எல்லோரும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன் நின்றாக வேண்டும் என்பது அடுத்ததின் கருத்து. பிரியப்படுத்த வேண்டும் என்ற ஆசை முதலில் வருகிறது, தீர்ப்பு பிறகு வருகிறது. இரக்கம் பெற்றவன் தன்னை மீட்டவருக்குப் பிரியமாக நடக்கத் தவிப்பான். தவிக்காதவன் இரக்கம் பெற்றவனா என்பதே சந்தேகம். நியூ இங்கிலாந்தில் பரம்பரையாகப் பிரசங்கிக்கப்பட்ட இந்தப் போதனையை அவர்கள் அப்படியே தமிழில் சொன்னார்கள்.

ஆனால் அதைக் கேட்ட மண்ணுக்கு வேறொரு பழைய அனுபவம் இருந்தது. கத்தோலிக்கக் குருவான யோசேவாஸ் முனிவர் சில்லாலையில் ஒளிந்து வாழ்ந்த காலத்தைச் சென்ற அத்தியாயங்களில் பார்த்தோம். அதே ஒல்லாந்தர் காலத்தில், புரட்டஸ்தாந்து ஞானஸ்நானம் இல்லாதவனுக்குக் கொம்பனியின் உத்தியோகம் இல்லை. பிள்ளைகளின் பெயர் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும்; வராவிட்டால் தண்டம். ஊர் முழுவதும் ஞானஸ்நானம் பெற்றது. வீட்டுக்குள் வேலும் திருநீறும் அப்படியே இருந்தன. 1795இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயத்தைத் தளர்த்தியதும், ஆயிரக்கணக்கான பெயர்க் கிறிஸ்தவர்கள் சில ஆண்டுகளில் கரைந்துபோனார்கள். நூற்று முப்பத்தேழு வருடமாக யாழ்ப்பாணத்தான் கொம்பனியைப் பிரியப்படுத்தப் பழகியிருந்தான், அதில் தேர்ந்தும் இருந்தான். இப்போது அமெரிக்கப் பாதிரியாரின் முன் ஒரு பையன் நின்று அழுகிறான். அவன் யாரைப் பிரியப்படுத்த அழுகிறான்?

இந்தக் கேள்வி மிஷனரிமாரையும் வாட்டியது. ஒல்லாந்தர் செய்த பிழையைத் தாங்களும் செய்துவிடக் கூடாது என்று அவர்கள் மிகவும் கவனமாக இருந்தார்கள். அதனால்தான் 1824இல் அழுதவர்களுக்கு உடனே ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் காக்கவைத்தார்கள். அழுகை அடங்கிய பின் நடத்தை எப்படி இருக்கிறது, திருவிழாவுக்கு வீட்டார் கூப்பிட்டால் என்ன செய்கிறான், பொய் சொல்கிறானா, தனியே ஜெபிக்கிறானா என்று பார்த்தார்கள். பலர் இந்தக் காலத்தில் பின்வாங்கினார்கள். சிலரைப் பெற்றோர் வந்து இழுத்துப் போனார்கள்.

1825 ஜனவரி 20ஆம் தேதி, சண்டிலிப்பாயில் பெரிய பந்தல் போட்டார்கள். எந்த ஒரு நிலையத்துக் கோயிலும் அன்று வரவிருந்த கூட்டத்தைக் கொள்ளாது என்பதால், எல்லா நிலையத்தாரும் வந்து சேரக்கூடிய இடமாக அதைத் தெரிந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டார்கள். பெரும்பாலானோர் சைவர்; அழுது தொலைத்த தங்கள் பிள்ளைகளின் கதி என்ன ஆகிறது என்று பார்க்க வந்த தாய்தகப்பன்மாரும் இருந்தார்கள். அவர்கள் கண்முன்னே 41 பேர் எழுந்து நின்று, உடன்படிக்கைக்குச் சம்மதம் சொல்லிச் சபையில் சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தில் எவருடைய உத்தரவும் இல்லாமல், எந்த உத்தியோகத்துக்கும் வாக்குறுதி இல்லாமல், இத்தனை பேர் ஒரே நாளில் புரட்டஸ்தாந்து சபையில் சேர்ந்தது அதுவரை நடந்திராத காரியம்.

அந்த நாளின் பெருமையை நான் குறைக்க விரும்பவில்லை. ஆனால் அங்கேயே ஒரு சிக்கலும் முளைத்துவிட்டது. உள்ளம் உண்மையானதா என்று சோதித்து, தேறியவனை நற்கருணைப் பந்திக்கு அழைத்து, தேறாதவனை வெளியே நிறுத்துகிற வேலையை மிஷனரிமார் எடுத்துக்கொண்டார்கள். அதாவது கடைசி நாளில் கிறிஸ்து உட்கார வேண்டிய ஆசனத்தில், நல்ல எண்ணத்தோடுதான், தாங்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள். தோட்டத்தில் தனியே நின்ற சிறுவன் கடவுளைப் பார்த்து நின்றான். ஒரு வருடச் சோதனையில் நின்ற சிறுவன் பாதிரியாரின் முகத்தையும் பார்க்கவேண்டியிருந்தது.

இதன் விளைவு வட்டுக்கோட்டையில் தெரிந்தது. 1823இல் பூவர் அங்கே தொடங்கிய செமினரி, ஆசியாவிலேயே பெயர்பெற்ற கல்விச்சாலையாக வளர்ந்தது. கணிதம், வானசாஸ்திரம், ஆங்கிலம், தமிழ் இலக்கணம் எல்லாம் கற்பித்தார்கள். உணவும் உடையும் இலவசம். செலவைப் பொறுத்த அமெரிக்கப் புண்ணியவான்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். ஆணல்ட், நெவின்ஸ், கறோல், வைமன் என்று வெள்ளாளப் பிள்ளைகள் அழைக்கப்பட்டார்கள். முதல் வருடங்களில் மிஷன் வளவுக்குள் சமைத்ததைத் தொடப் பிள்ளைகள் மறுத்தார்கள். பக்கத்திலே ஒரு சைவருடைய காணியில் சமையற்கூடம் கட்டி, அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வேதபாடத்துக்குத் திரும்பி வந்தார்கள். வகுப்பில் பாதிரியாருக்கு ஏற்ற விடை, அடுக்களையில் சாதிக்கு ஏற்ற சோறு. பத்து வயதுப் பிள்ளையை இதற்காகக் குறைசொல்ல மாட்டேன். பெரியவர்கள் இரண்டு தரப்பிலும் அவனை அந்த இரட்டை வழியில் விட்டார்கள்.

1824இல் கண்டது போன்ற எழுப்புதல்கள் செமினரியில் அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொன்றுக்குப் பின்னும் பலர் சபையில் சேர்ந்தார்கள். படிப்பு முடிந்து அரசாங்க உத்தியோகம் கிடைத்ததும், கலியாணப் பேச்சு வந்ததும், அவர்களில் ஒரு பகுதி திருநீறு பூசிக்கொண்டது. 'சோற்றுக் கிறிஸ்தவன்' என்ற பேச்சு எழுந்தது. அது முழுவதும் உண்மையன்று, முழுவதும் பொய்யுமன்று. ஆனால் திரும்பிப் போன எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டுவது அநியாயம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவர். கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தும், பின்னர் சைவத்தைத் தழுவினார். கிறிஸ்தவனாக இருந்திருந்தால் அவருக்குப் பாதிரிமாரிடம் செல்வாக்குத்தான் கூடியிருக்கும். தன் மனசாட்சிக்கு உண்மையாக நடந்த ஒருவர் என்றே அவரை நான் எண்ணுகிறேன். மானிப்பாய் ஆணல்ட் சதாசிவம்பிள்ளை அதே செமினரியில் படித்துக் கடைசிவரை கிறிஸ்தவராக இருந்தார். 'உதயதாரகை'ப் பத்திரிகையைப் பல ஆண்டு நடத்தினார், 1869இல் 'நன்னெறிக் கதாசங்கிரகம்' வெளியிட்டார். ஒருவர் போனார், ஒருவர் நின்றார். இருவரும் யாருடைய முகத்தையும் பார்த்து அப்படிச் செய்யவில்லை.

1855இல் பொஸ்டனிலிருந்து மிஷனின் செயலாளர் றூபஸ் அன்டர்சன் நேரில் வந்தார். செமினரியின் கணக்கைப் புரட்டினார். செலவழித்த பணம் எவ்வளவு, நிலைத்த கிறிஸ்தவர் எத்தனை, போதகராகக் கிராமத்துக்குப் போனவர் எத்தனை என்று பார்த்தார். முடிவு கடுமையாக இருந்தது: செமினரி மூடப்பட்டது. முப்பத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளின் உள்ளத்தை அளந்து பார்த்த நிறுவனத்தையே இன்னொருவர் வந்து அளந்தார். கணக்கில் கண்ட குறைகள் மெய்தான். ஆனாலும் ஒரு கல்விச்சாலை கடவுளுக்குப் பிரியமாக இருந்ததா என்பதை, அதிலிருந்து வெளியேறியவர்களில் எத்தனை பேர் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று எண்ணித் தீர்மானித்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை. யாழ்ப்பாணத்தாரும் நம்பவில்லை. பழைய மாணவர்களும் ஊர்க் கிறிஸ்தவர்களும் விடாமல் கேட்டு, 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது.

வட்டுக்கோட்டையைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர்கள் உடுவிலை இரண்டு வரியில் கடந்துவிடுவது வழக்கம். நம்முடைய விஷயத்துக்கு உடுவில்தான் முக்கியம். தெல்லிப்பழையில் அழுகை தொடங்கிய அதே 1824இல் ஹரியற் வின்சுலோ அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு, அவள் என்ன கச்சேரிக்கா போகப்போகிறாள் என்று ஊர் கேட்ட காலம். 1833 ஜனவரியில் ஹரியற் உடுவிலிலேயே இறந்தார். பின்னர் அந்தப் பள்ளியை நாற்பது வருடம் நடத்தியவர் எலைசா அக்னியூ. 1840இல் வந்தவர் ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போகாமல், 1883இல் மானிப்பாயில் இறந்தார். தாய், மகள், சில வீடுகளில் பேத்தியும் அவரிடம் படித்தார்கள்.

இந்தப் பெண்களுக்கு உத்தியோகம் காத்திருக்கவில்லை. சபையில் சேர்ந்ததால் கச்சேரியில் கதிரை கிடைக்காது. கலியாணமாகிப் போன வீட்டில் சிலருக்குக் கிடைத்தது மாமியாரின் ஏச்சுத்தான். மிஷன் சீதனம் கொடுத்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளைமாருக்குக் கட்டிவைத்தது உண்மை. அந்த உதவியையும் ஊழல் என்று ஏசினார்கள். ஆனால் சீதனம் ஒருநாள் காரியம். அதற்குப் பிறகு நாற்பது ஐம்பது வருடம் வாழவேண்டியிருந்தது. அந்த வருடங்களில் பாதிரியார் அடுக்களைக்குள் வந்து பார்க்கவில்லை.

அந்த அடுக்களையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சோறு வைக்க அரிசியை அளந்து சுளகில் கொட்டியதும், உலையில் போடுமுன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து மூலையில் இருக்கும் முட்டியில் போடுவாள் அந்த வீட்டுப் பெண். பிடி அரிசி. அரிசி கூடிய நாளிலும் ஒரு பிடி, மற்றவர்களுக்கே காணாத நாளிலும் ஒரு பிடி. முட்டி நிறைந்ததும் சபைக்குப் போகும், விற்று ஊழியத்துக்குச் செலவிடுவார்கள். காணி உள்ளவர்கள் வளவில் ஒரு தென்னையை ஆண்டவருக்கென்று குறித்துவிட்டு, அதன் தேங்காயைத் தங்கள் கறிக்கு எடுக்காமல் இருந்தார்கள். 1847இல் யாழ்ப்பாணக் கிறிஸ்தவர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சுவிசேஷ சங்கம் அமைத்துத் தீவுப்பகுதிகளுக்கு ஊழியரை அனுப்பினார்கள். நெடுந்தீவுக்கு வள்ளம் ஏறிப் போன ஊழியக்காரனுடைய சம்பளத்தில் இப்படிப்பட்ட அரிசியும் தேங்காயும் இருந்தன. அமெரிக்கக் காசில் நடந்த பெரும் பள்ளி மூடப்பட்டபோதும் இந்த ஊழியம் மூடப்படவில்லை.

பண்டத்தரிப்புத் தோட்டத்தில் பையன்களைப் பிடித்த பயத்துக்கும் இந்த ஒரு பிடி அரிசிக்கும் தொடர்பு இருக்கிறதென்றே நான் எண்ணுகிறேன். கணக்குக் கேட்கிறவர் முன் ஒருநாள் நிற்கவேண்டும் என்று மெய்யாக நம்புகிறவர்கள், யாரும் பார்க்காத இடத்தில் எப்படி நடக்கிறார்கள் என்பதில்தான் அந்த நம்பிக்கை பிடிபடுகிறது. ஒரு வருடச் சோதனையிலும் அன்டர்சனின் கணக்கிலும் பிடிபடாத விஷயம் இது. எழுப்புதல் கூட்டங்களின் அழுகையை மிஷனரிமார் பொஸ்டனுக்குப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பிடி அரிசி போட்ட பெண்களின் பெயர்களை எழுதியது குறைவு.

அந்தச் சபைகளின் பெரிய தோல்வியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுத்தவர்கள், ஒரே வாங்கில் இருக்க மறுத்தார்கள். சாதி கோயில் வாசலோடு நிற்கவில்லை, உள்ளே வந்து இருக்கையும் பிடித்துக்கொண்டது. கலியாணத்தில் சாதியும் சீதனமும் சைவ வீட்டில் எப்படியோ கிறிஸ்தவ வீட்டிலும் அப்படியே. நியாயாசனத்தின் முன் எல்லோரும் ஒன்றாக நிற்போம் என்று ஞாயிறுதோறும் கேட்டவர்கள், திங்கட்கிழமை ஒழுங்கையில் எதிர்ப்பட்ட மனிதனை ஒதுங்கி நில் என்றார்கள். கடவுளுக்குப் பிரியமாக நடப்பதைக் கள்ளுக் குடியாமையிலும் ஓய்வுநாள் ஆசரிப்பிலும் தேடியவர்கள் இதைப் பெரிதாக எண்ணாமல் விட்டது, எனக்கு 1855இன் எந்தக் கணக்கையும்விடப் பாரதூரமாகப் படுகிறது. அந்தக் கடன் இன்றும் முற்றாகத் தீரவில்லை.

இதற்கிடையே, இந்தப் பிரசங்கங்களை எல்லாம் மிக நெருங்கி இருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் இருந்தார். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கியவர். நியாயாசனத்தைப் பற்றிய வசனங்களைத் தமிழில் அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்நாளில் யாழ்ப்பாணத்தில் அதிகம் பேர் இல்லை. 1847 டிசம்பர் 31ஆம் தேதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் எழுந்து சைவர்களுக்குப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். பாதிரிமாரைக் கண்டித்த அதே கடுமையோடு, ஒழுக்கமும் அனுட்டானமும் இல்லாமல் பெயருக்குச் சைவராக இருந்தவர்களையும் கண்டித்தார். ஆறுமுக நாவலரின் அந்தப் பிரசங்கங்களை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.